கேண்மையும் அடிமையும்

நல்லார் நால்வர் ஓரிடத்துக் கூடி, மாலைப்பொழுதில் உலாவி, அருவி படிந்து, உண்டு, உரையாடி மகிழும் மகிழ்ச்சி ஆன்மாவுக்குக் கட்டாவதோ, கட்டறுக்குந் துணையாவதோ என்னும் வினா எளியதாகத் தோன்றும். துறவறத்தார் அதனைப் பற்றென ஒரு சொல்லால் ஒதுக்குவர். இல்லறத்தார் இஃதும் ஒரு வினாவோவென நகைப்பர். யாமும் சென்ற ஆடித் திங்கள் வரையில் நகைப்பார் கூட்டத்திலேயே இருந்தேம். அத் திங்களில் நிகழ்ந்ததொன்று எம்மை இவ் வினாவின்கண் நிறுத்தியது. அதனை மறையாது கூறிச் சித்தாந்த நூன்முறை பற்றி ஒருசிறிது ஆராய்வாம்.

குற்றாலச் சாரலை நாடி எம் இல்லத்திற்கு நண்பர் மூவர் வந்திருந்தனர். இருவர் சோழநாட்டினர். ஒருவர் யாழ்ப்பாணத்தினர், ஆண்டிலும் அறிவிலும் எம் அனைவரினும் மூத்தவர், பல்லாண்டு தமிழாசிரியராயிருந்து ஓய்வுற்றவர், அனுட்டானம் வழுவாதவர். பிற்பகலில் தென்காசியினின்று குற்றாலத்திற்கு நடந்தே செல்வதென முடிவாயிற்று. வழி ஐந்து கிலோமீட்டர் அளவினதே. பேருந்துகள் ஓயாது செல்லும் வழியில் நடப்பானேன் என்று வீட்டார் வினவினர். நடப்பார்க்கன்றிச் சாரல் தன்னைக் காட்டாது என்பதே யாம் கூறிய விடை.

முதற்கண் காசி விசுவநாதரையும் உலகம்மையையும் வணங்கினேம். இத் திருக்கோயில் பராக்கிரம பாண்டியனால் 1446-ஆம் ஆண்டிற் றொடங்கப்பெற்றது என்பதும், அவன் எடுப்பித்த இராசகோபுரம் பிற்காலத்துச் சிதைந்து, நெடுநாள் மொட்டையாய் நின்று, 1990-இல் ஒன்பது நிலையும் நிரம்பி மீண்டும் எழுந்தது என்பதும் அன்பர் அறிவர். கோபுர வாயிலில் மேல்காற்று ஆடையைப் பற்றி இழுக்க, அதன்கண் நின்றவாறே அம் மன்னன் கல்லிற் பொறிப்பித்த செய்தியை நண்பர்க்குக் கூறினேம். இக் கோயில் ஒருகாற் பழுதுறுமாயின், அன்று அதனைத் திருத்திக் காப்பார் யாவராயினும் அவர் அடியில் யான் இன்றே வீழ்ந்து பணிகின்றேன் என்பது அச் செய்தி. யாழ்ப்பாணத்துப் பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசிற்றிலர். பின்பு, "இன்னும் பிறவாத ஒரு கொத்தனார் காலில் பாண்டியன் முடி கிடக்கின்றது, பாருங்கள்" என்றனர். அம் மொழியை அப்பொழுது ஒரு நயமாகவே யாம் கேட்டு மகிழ்ந்தேம்.

பின்னர்ச் சாலை வழியே மேலகரத்தைக் கடந்தேம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர்க்கு ஊர் இதுவே. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் புரந்த சுப்பிரமணிய தேசிகர்க்கும் ஊர் இதுவே. ஒரு சிற்றூர் ஒரு நாடகப் புலவரையும் ஒரு சன்னிதானத்தையும் தமிழுக்குத் தந்தமை பற்றிப் பேசிக்கொண்டே நடக்க, திரிகூடமலை முகில் மூடியும் திறந்தும் எம்முடன் விளையாடிற்று. வெயிலும் தூறலும் ஒருங்கு வந்தன. வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. சோழநாட்டு நண்பர் ஒருவர் மிதியடியைக் கையிலெடுத்துக்கொண்டு சிறுவர் போல ஈரமண்ணில் நடந்தனர்.

பேரருவியிற் படிந்து, குறும்பலாவையும் குற்றாலநாதரையும் குழல்வாய்மொழியம்மையையும் வணங்கி, ஐந்தவைகளுள் ஒன்றாகிய சித்திரசபையையுங் கண்டு, ஒரு மண்டபத்தின்கண் அமர்ந்தேம். சூடான பருப்பு வடையும் சுக்குக் காப்பியும் வந்தன. பேச்சு, குற்றாலத்தில் எவரும் தவிர்க்கவொண்ணாத வகையில், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைப் (1882–1954) பற்றிச் சென்றது. திருநெல்வேலியில் அவர் இல்லத்துக் கூடிய வட்டத்தொட்டியும், பின்னர்க் குற்றாலத்தில் அவர் வாழ்ந்த காலத்து இராசாசியும் கல்கியும் வந்து தங்கிய நாள்களும், ஒரு பாட்டையே மீட்டும் மீட்டும் சொல்லிச் சுவைப்பித்த அவர் இயல்பும் பேசப்பட்டன. கம்பர் பாட்டுக்களில் அவர் தம் செவியையே அளவுகோலாகக் கொண்டு கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளிய துணிவு எமக்கு உடன்பாடன்று. ஆயினும் தாம் துய்த்ததைப் பிறர்க்கு ஊட்டாமல் அவரால் இருத்தல் இயலாது என்பதனை அவரை மறுத்தாரும் மறுத்திலர்.

இவ்வாறு பேசுங்கால் பொழுது சாய்ந்தது. அந்தி அனுட்டான வேளையும் கழிந்தது. பெரியவரே முதலில் அதனை உணர்ந்து எழுந்தனர். சோழநாட்டாருள் இளையவர், "அடியார் கூட்டத்து இருத்தலும் வழிபாடே யன்றோ, ஐயா? சேரமான் பெருமாள் பூசை முடிவிற் கேட்கும் சிலம்பொலியை ஒருநாள் கூத்தப்பெருமானே தாழ்த்தருளினார். சுந்தரர் பாட்டில் ஈடுபட்டிருந்தமை தானே காரணம்?" என்றனர். பெரியவர் நகைத்து, "பெருமான் தாழ்த்தது பாட்டிற்கு, தம்பி. நாம் தாழ்த்தது வடைக்கும் அல்லவா?" என்று கூறி, சிற்றாற்றங்கரைக்குத் தனியே சென்று அனுட்டானம் முடித்து வந்தனர். அவர் முகத்திற் கடுமை இல்லை. எம்மினும் மகிழ்ந்தே இருந்தனர்.

மீளும்வழியில் நன்றாக இருட்டிவிட்டது. சாலையினின்று சற்று விலகி, வயலோரத்தில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில். அகல்விளக்கின் முன், தோளிற் றுண்டும் முழங்காலளவு வேட்டியுமாக ஒரு முதியவர், கிழிந்த நூலொன்றைக் கண்ணருகே பிடித்துக் குற்றாலப் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். அப் பதிகத்தின் பண் குறிஞ்சி. அவர் பாடியது எப்பண்ணிலும் அடங்காதது. குரல் உடைந்திருந்தது. சொற்களைப் பிரிக்கவேண்டிய இடத்துப் பிரியாமலும் பிரியாவிடத்துப் பிரித்தும் பாடினார். எம்முள் ஒருவர் அவ்விசையை மெல்ல முனகிக் காட்டினர். நகைத்தேம். யாமும் நகைத்தேம் என்பதனை ஈண்டு எழுதாதுவிடின் இக் கட்டுரை எழுதுவதாற் பயனில்லை.

பாட்டு நின்றது. சிறிது நேரங் கழித்து, முன்னினும் தாழ்ந்த குரலில் மீண்டும் எழுந்தது.

பெரியவர் எம்மை நோக்காமலே வரப்பின்மேற் சென்று, அம் முதியவர் பக்கத்திற் கீழே அமர்ந்து, உடன்பாடலாயினர். பண்முறையிற் பயிற்சி மிக்க அவர், அம் முதியவருடைய பிழைபட்ட இசையிலேயே, அவர் நிறுத்துமிடத்து நிறுத்தியும் நீட்டுமிடத்து நீட்டியும் பாடினர். யாம் மூவரும் சாலையிலே நின்றேம். பதிகம் முடியும்வரை நின்றேம். உள்ளே செல்லக் கால் எழவில்லை.

இனி ஆராய்வாம். அன்றை மாலையின்பம் மாயாகாரியங்களாகிய மலையும் நீரும் காற்றும் பற்றி எழுந்ததாகலின் அதுவே மயக்கிற்று, அம் மயக்கத்தின் விளைவே பின்னிகழ்ந்த நகை என்று கூறித் தப்புதல் எளிது. மாயையைப் பொய்யெனக் கூறும் ஏகான்மவாதிக்கே அவ் விடை பொருந்தும். சித்தாந்தத்தில் மாயை உள்பொருள். ஆணவத்தால் அறிவு மறைப்புண்டு கிடந்த உயிர்க்கு, ஞாயிறு தோன்றுமளவும் இருளில் ஏற்றிய விளக்குப்போல உதவுதற்பொருட்டு, இறைவன் மாயையினின்று உடலும் கருவியும் உலகும் நுகர்ச்சியுமாகிய நான்கினையும் படைத்தளிக்கின்றான். சாரற்காற்று எம் மெய்யிற் பட்டதும் அவன் தந்தது. அது கண்டு நெஞ்சு விரிந்ததும் அவன் தந்தது. விளக்கைப் பழித்து என்? அவ் வொளியில் யாம் யாது கண்டேம் என்பதே வினா.

இதற்கு மறுதலையாக, அழகே இறைவன், அருவியே சிவம் என்று உருகிப் பேசுவாரும் இக்காலத்துப் பலர் உளர். குற்றாலத்தில் அப் பேச்சு இயல்பாகவே நாவில் வரும், எமக்கும் வந்ததுண்டு. 2024-ஆம் ஆண்டு மே மாதத்திற் பழைய குற்றாலத்தில் மலைமேற் பெய்த மழையாற் றிடீரென வெள்ளம் பெருகி, நீராடவந்த இளைஞன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. இன்பந் தருதலின் அருவி சிவமாயின், அன்று அவன் பெற்றோர்க்கு அது யாது? இன்பமும் துன்பமும் பிராரத்தம் ஊட்டுவன, ஊட்டுவிப்பான் வேறு. நுகர்பொருளை ஊட்டுவானாக மயங்கின், துன்பம் வந்த நாளில் அவ்வன்பு நில்லாது. ஆகலின் அன்று அருவியில் யாம் பெற்ற குளிர்ச்சியைச் சிவாநுபவம் என்று உயர்த்தலும் ஆகாது. மயக்கம் என்று இழித்தலும் ஆகாது. அஃது ஒரு நுகர்ச்சி. நன்றாய நுகர்ச்சி. அவ்வளவே.

கேண்மையின்பமோ அருவியின்பத்தினும் நுண்ணியது. இனிப்பைத் தனியே உண்பானுக்கு அதன் சுவை குறைவதில்லை. ஆனால் ஒரு நல்ல பாட்டைத் தனியே கேட்டவனுக்கு, அருகில் ஒருவர் இலரே என்னுங் குறை தோன்றுகின்றது. இது வியப்புடைத்து. ஆணவத்தின் தொழில் வியாபகமாகிய அறிவைச் சுருக்கி உயிரை அணுத்தன்மைப் படுத்தலாம். தான் பெற்றதனைப் பிறரொடு பகிர்ந்தாலன்றி அமையாத உள்ளத்தில் அச் சுருக்கம் ஓரளவேனும் நெகிழ்ந்தது என்றே கொள்ளல் வேண்டும். இரசிகமணியின் வட்டத்திற்கு இப் பெருமையை யாம் மறுப்பதற்கில்லை. எம் நால்வர் மண்டபத்திற்கும் அன்றைய மாலை அவ்வளவில் அப்பெருமை உண்டு.

அங்ஙனமாயின் அரைநாழிகைக்குள் அம் முதியவரைக் கண்டு நகைத்தது எங்ஙனம்?

இதன்கண்ணே எமக்குப் பலநாள் உறக்கம் கெட்டது. திருவருட்பயனில் உமாபதிசிவம் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிட்டு, புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னைக் காட்டிநிற்கும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்று அருளிச்செய்ததனைப் பலகாற் படித்திருக்கின்றேம். பிறர்க்குப் பாடமுஞ் சொல்லியிருக்கின்றேம். அது தன்னைக் காட்டாத வகையை அன்றுதான் அறிந்தேம். தனியே அவ்வழி வந்திருப்பின் அம் முதியவரை யாம் எள்ளியிரேம். எள்ளினும் உடனே நாணியிருப்பேம். நால்வராய் வந்தமையின் நாணம் எழவில்லை. 'யான்' என்னுங்கால் உறுத்தும் செருக்கு 'நாம்' என்னுங்கால் உறுத்துவதில்லை. குழுவிற்கென ஓர் ஆணவம் இல்லை. மலம் ஒவ்வோருயிரையும் பற்றியே மறைப்பதாகலின். ஆனால் ஒவ்வொருவர் ஆணவமும் ஒளிந்துகொள்ளக் குழு ஒரு நல்ல புதர். சுருங்கிய உயிர் நட்பினால் விரிந்தது. நால்வரளவும் விரிந்து, ஆண்டு ஒரு வேலி கட்டிக்கொண்டது. வேலிக்கு அப்பாற் பாடினவர் அம் முதியவர். சுவையறிவோம் என்னும் எண்ணமே வேலிக்கு முள்ளாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். பண்ணும் பாடமும் பிழைபடப் பாடுதல் குற்றமன்றோ, குற்றத்தைக் குற்றமென்றல் கற்றார் கடனன்றோ எனின், கடனே. திருமுறைப் பண்கள் பிறழாமற் காத்தற்கு ஓதுவார் மரபு பட்டபாட்டினை அறிந்தார் எவரும் பிழையைப் பொருட்படுத்தாது விடார். ஆயினும் திருத்துவான் அருகிற் சென்று அமர்கின்றான். நகைப்பான் சாலையில் நிற்கின்றான். மாதவச் சிவஞான முனிவர் பிறர் உரைகளை எவ்வளவு கடுமையாக மறுப்பினும் அவர் நோக்கம் நூற்பொருளின் மேலதே. எம்போல் இதழ்களில் எழுதுவார் மறுப்புக்களிற் பாதி பொருளைப் பற்றியது. மறுபாதி சாலையில் நின்று நகைத்தது. எம் பழைய கட்டுரைகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தபின்னரே இதனை எழுதுகின்றேம்.

சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் கழீஇ அன்பரொடு கூடுதலையும், அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலையும் ஒருங்கு வைத்து ஓதுகின்றது. அன்பரல்லாதார் கூட்டம் அறியாமையை உணர்த்தி மறப்பிக்கும் என்பது கூடுதற்கு ஏதுவாகக் கூறப்படுவது. கூடுதலோடு தொழுதலையும் ஆசிரியர் சேர்த்து வைத்தது ஏன் என்று இதற்குமுன் யாம் வினவிற்றிலேம். எம் சிற்றறிவிற்கு இப்பொழுது தோன்றுவது இது. கூடுதல் அறிந்தாரோடு நிகழ்வது. தொழுதல் அறியாதார்மாட்டும் நிகழ்வது. நீறணிந்து வரும் முன்பின் அறியாத ஒருவரைத் தொழுதற்கு அவர் சுவையறிவும் பண்ணறிவும் வேண்டா. கூடுதல் ஒன்றே விதிக்கப்பட்டிருப்பின் அன்பர் கூட்டமும் நாளடைவில் ஒரு வட்டத்தொட்டியாய் அமைந்துவிடும். தொழுதல் அவ் வட்டத்தை ஓயாது உடைத்துக்கொண்டிருக்கின்றது. இப்பொருள் உரைமரபிற்கு மாறாகுமேல் ஆன்றோர் திருத்துவாராக.

இளைய நண்பர் எடுத்துக்காட்டிய சேரமான் பெருமாளையே மீண்டும் நினைக்கின்றேம். தோழமைக்கு அவர் வரலாற்றினுஞ் சிறந்த வரலாறு நம் சமயத்தில் இல்லை. சுந்தரரைக் காணத் திருவாரூர் வந்ததும், இருவரும் ஒருங்கே தலங்களை வணங்கி நடந்ததும், இறுதியில் அவர் வெள்ளையானை மீது செல்ல இவர் குதிரைமேற் கயிலை சென்றதும் யாவரும் அறிந்தன. ஆயின் பெரியபுராணத்து நிகழ்ச்சிகளின் வரிசை கருதத்தக்கது. அவை யாவற்றிற்கும் முன், முடிசூடி யானைமேற் பவனி வரும் நாளில், உவர்மண் ஊறி உடல் வெளுத்து வந்த ஒரு வண்ணாரைத் திருநீறு பூசிய அடியவராகக் கண்டு, இறங்கி வணங்கினார் அவர். அஞ்சித் தன்னை வண்ணானென அறிவித்தவரிடம், தாமும் அடிமைப்பட்ட சேரனே என்று பணிந்து கூறி அனுப்பினார். அதன் பின்னரே சிலம்பொலி தாழ்த்ததும் சுந்தரர் தோழமை வாய்த்ததும் நிகழ்ந்தன. நீறல்லாததை நீறாகக் கண்டது அவர் கண். நீறணிந்து பாடினவரை வேடிக்கையாகக் கண்டது எம் கண். இளைய நண்பரும் யாமும் சேரமானின் தோழமையை மட்டும் எடுத்துக்கொண்டேம்.

அன்றிரவு வீடு திரும்பியபின், பெரியவரிடம், "தாங்கள் அவர் பண்ணைத் திருத்தியிருக்கலாமே" என்று, எம் நாணத்தை மறைக்கும்பொருட்டே, கேட்டேம். அவர், "பாட்டு நின்றுவிட்டதே, ஐயா. பிறகு எழுந்தபோது தாழ்ந்த குரலில் எழுந்தது. அதனை உயர்த்துவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி, பாய் விரித்துப் படுத்தனர். மறுநாட் காலையில் மூவரும் புகைவண்டி ஏறினர். விடைபெறுங்கால் பெரியவர் அருவியையும் வடையையும் பற்றியே மகிழ்ந்து பேசினர். முதல்நாள் மாலையில் அவர் துய்த்த இன்பம் எம்முடையதினும் எள்ளளவுங் குறைந்ததன்று.

அதன்பின் யாம் அந்திப்பொழுதில் இருமுறை அவ்வழிச் சென்றேம். முதன்முறை, அம் முதியவர் குரல் கேட்கும் தொலைவில் நின்றுவிட்டுத் திரும்பினேம். இரண்டாமுறை உள்ளே சென்று அவர் பின்னால் அமர்ந்தேம். அவர் திரும்பிப் பார்த்து, நூலைச் சற்று எம் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். யாழ்ப்பாணத்து ஐயா மீண்டும் எப்பொழுது வருவாரென்று கேட்டார். குரல் இன்னும் தாழ்ந்தே இருக்கின்றது.